‘ஊழியத்துக்குக் கெட்ட பேர்’

நேயர்களுக்கு வணக்கம்.

1946 மார்ச் 26 அன்று சென்னையில், அப்போதைய மதராஸில், பிறந்த ஒருவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பெயர் ரவி சகரியாஸ், கிறிஸ்தவப் பிரசங்கியார். வளர்ந்தது டெல்லியில். இருபது வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் அட்லாண்டாவிலிருந்து உலகம் முழுக்கச் சுற்றிப் பிரசங்கம் செய்தார், ஏராளமான புத்தகங்களும் எழுதினார். நம் சபைகளில் இங்கிலீஷ் புத்தகம் படிக்கிற வாலிபர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். ‘நம்ம ஊர்ல பிறந்தவர்’ என்ற பெருமை பெரியவர்களுக்கும் உண்டு.

சென்னையில் ஒரு சபையில் வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

அவருடைய சாட்சியிலிருந்து, அதாவது விசுவாசத்துக்கு வந்த கதையிலிருந்து, தொடங்க வேண்டும். அவரை ஏன் இத்தனை பேர் நம்பினார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. பதினேழு வயதில் டெல்லியில் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். படிப்பில் தோல்வி, அப்பாவின் கோபம், எதிர்காலம் இருட்டாகத் தெரிந்த வயது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு கிறிஸ்தவ ஊழியர் பைபிள் கொண்டுவந்து கொடுத்தார். மகனுக்கு அதைக் கையில் பிடிக்கவும் தெம்பில்லை. அம்மா யோவான் 14ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். ‘நான் பிழைக்கிறபடியினால் நீங்களும் பிழைப்பீர்கள்’ என்ற வசனம் அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டது. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் நம் ஊரில் எத்தனை வீடுகள் பதறிக் கிடக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சாட்சி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நானே என் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

1983இல் ஆம்ஸ்டர்டாமில் பில்லி கிரகாம் நடத்திய சுவிசேஷகர்கள் மாநாட்டில் பேசினார். அடுத்த வருடமே சொந்தமாக ஒரு ஊழிய அமைப்பைத் தொடங்கினார். ‘நம்பு, கேள்வி கேட்காதே’ என்று சொல்லப்பட்டு வளர்ந்த பிள்ளைகளை அவர் மைக்குக்கு அருகே வரச் சொன்னார். கடவுள் இருக்கிறாரா, இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம் என்று கேட்க வைத்தார், பொறுமையாகப் பதில் சொன்னார். ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்கள் வரை அவரை அழைத்தார்கள். 1994இல், கடவுள் இல்லாமல் மனிதன் வாழ முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதிய புத்தகம் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. அது நல்ல வேலை. இன்றைக்கும் அதை நல்ல வேலை என்றே சொல்வேன்.

முதல் சர்ச்சை பட்டங்களைப் பற்றியது. அவர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தவை கௌரவ டாக்டர் பட்டங்கள்தான், ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வருகைதரு அறிஞராக இருந்ததாகக் குறிப்பு வெளிவந்தது. உண்மையில் அவர் சில காலம் தங்கிப் படித்தது அந்த ஊரில் உள்ள ரிட்லி ஹால் என்ற இறையியல் கல்லூரியில். விமர்சனம் கிளம்பிய பிறகே அந்தக் குறிப்புகள் திருத்தப்பட்டன. நம் ஊர் கன்வென்ஷன் போஸ்டர்களிலும் ‘டாக்டர்’ நிறைய பார்க்கிறோம். எங்கே படித்தார், எந்த வருடம் என்று போஸ்டர் ஒட்டுகிற கமிட்டி ஒருமுறை விசாரித்தால் என்ன?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண், தன்னிடம் அவர் தவறான முறையில் மெசேஜ் அனுப்பி, அந்தரங்கப் படங்கள் கேட்டார் என்றார். அவரோ அந்தப் பெண் மீதும் கணவர் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 50 லட்சம் டாலர் கேட்டு மிரட்டுகிறார்கள் என்பது அவர் தரப்பு. அந்த வருடம் நவம்பரில் வழக்கு சமரசமாக முடிந்தது. வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. அவர் பேசிக்கொண்டே இருந்தார். மனைவி, மகள்கள் தவிர வேறு பெண்ணோடு தனியாக இருப்பதில்லை என்பது தன் வழக்கம் என்று அறிக்கை விட்டார். அந்தப் பெண் வாயைத் திறக்க முடியவில்லை. பணம் பறிக்க வந்தவள் என்ற பழியோடு மூன்று வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அமைப்பின் நிர்வாகக் குழு அவருடைய போனை வாங்கிப் பார்க்கவில்லை. அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதே அப்போது வெளியே தெரியாது.

2020 மே 19 அன்று புற்றுநோயால் காலமானார், வயது 74. அஞ்சலிக் கூட்டத்தில் அப்போதைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் பேசினார். நான்கு மாதம் கழித்து, சகரியாஸ் பங்குதாரராக இருந்த ஸ்பாக்களில் வேலை செய்த பெண்கள் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையிடம் வாய் திறந்தார்கள். கடும் முதுகுவலி இருந்ததால் மசாஜ் செய்துகொள்வது அவருக்கு வழக்கம். அதைச் சாக்காக வைத்து அத்துமீறினார் என்றார்கள்.

அமைப்பு முதலில் மறுத்தது. பிறகு தானே ஒரு வக்கீல் நிறுவனத்தை விசாரிக்க நியமித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, அவருடைய போன்களை ஆராய்ந்து, 2021 பிப்ரவரியில் 12 பக்க அறிக்கை வந்தது. பல பெண்கள் சொன்னதும் போன்களில் கிடைத்ததும் ஒத்துப்போயின. ஒரு பெண் சொன்னது பாலியல் வன்முறை. ஊழியப் பணத்திலிருந்து தனக்கு உதவி ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு சகரியாஸ் உடலைக் கேட்டார் என்றார் அந்தப் பெண். ஊழியம் செய்ததற்குக் கடவுள் தந்த வெகுமதி நீ என்றாராம். வெளியே சொன்னால், தன் பெயர் கெட்டு அதனால் இழக்கப்படுகிற லட்சக்கணக்கான ஆத்துமாக்களுக்கு அவளே பொறுப்பு என்று எச்சரித்தாராம்.

அவர் மீது எந்த நீதிமன்றமும் குற்றத் தீர்ப்பு சொல்லவில்லை. அறிக்கை வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. அதை ஏற்காதவர்கள் அவர் குடும்பத்திலேயே உண்டு. நியாயமாகப் பேச வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் விசாரணைக்குக் காசு கொடுத்தது எதிரிகள் அல்ல, அவர் உருவாக்கிய அமைப்பே. அறிக்கையை ஏற்று, கனடாப் பெண்ணிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும் அதே அமைப்புதான். அவருக்கு ஊழிய அபிஷேகம் கொடுத்த சபைப் பிரிவு அதை ரத்து செய்தது. பதிப்பாளர்கள் புத்தகங்களை நிறுத்தினார்கள்.

அந்த ஆத்துமாக்கள் பற்றிய எச்சரிக்கையைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை. நம்ம ஊர்தான் வந்தது. ‘வெளியே தெரிஞ்சா ஊழியத்துக்குக் கெட்ட பேர் வந்துடும்மா, ஜெபம் பண்ணுவோம்’ என்பதைச் சபைகளில் எத்தனை பெண்கள் கேட்டிருக்கிறார்கள்! ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்’ என்ற வசனத்தைக் கூடவே சேர்த்துக்கொள்வார்கள். சங்கீதம் 105ஐ முழுசாக வாசியுங்கள். நாடு விட்டு நாடு அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு போன்ற பலவீனமானவர்களை ராஜாக்கள் ஒடுக்கக் கூடாது என்று கடவுள் தடுத்த இடம் அது. பலமுள்ளவனைக் கேள்வியிலிருந்து காப்பாற்ற எழுதப்பட்டது அல்ல. தாவீது ராஜாவும் அபிஷேகம் பெற்றவன்தானே? அவன் முகத்துக்கு நேரே ‘நீயே அந்த மனுஷன்’ என்று தீர்க்கதரிசி சொல்லவில்லையா? பெயரைக் கெடுப்பவன் தவறு செய்தவன். அந்தப் பழியைச் சொல்ல வந்த பெண்ணின் தலையில் வைப்பது இரண்டாவது அநியாயம்.

அறிக்கை வந்த வாரம் ஜூமில் வகுப்பு நடந்தது. ஒரு பையன், ‘அக்கா, அப்போ அவர் சொன்ன பதில் எல்லாம் பொய்யா?’ என்றான். சொன்னவர் தவறியதால் நியாயமான பதில் பொய்யாகிவிடாது, ஆனால் இனி அவர் புத்தகத்தை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்றேன். அடிபட்ட ஒரு பெண் நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் வீடியோவை ஆஃப் செய்துவிட்டு லைனில் இருந்தாள். ‘நம்ம சர்ச்சுல இப்படி நடந்தா யார்கிட்டக்கா சொல்லணும்?’ என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் டிரஸ்டுக்கும் சொசைட்டிக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் உள் புகார் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டது பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் அது போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், நேரே போலீஸ். தெரிந்தும் சொல்லாமல் மூடி மறைப்பதே குற்றம். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்களில் உதவி கிடைக்கும்.

கமிட்டியில் இருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் கட்டட நிதிக் கணக்குக்கு முன்னால் இதை எடுங்கள். நம் சபை அலுவலகத்தில், பள்ளியில், ஹாஸ்டலில் இந்தக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளில் வரட்டும். இல்லையென்றால் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.