கேமரா பிடிக்கும் பெண்களுக்கு வேலூரில் ஒரு சங்கம்

எல்லோருக்கும் வணக்கம், சத்துவாச்சாரியிலிருந்து பேசுகிறேன், கல்யாண வீடியோ எடுக்கிறவள். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, அதனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு லென்ஸ் ரிவ்யூ இல்லை. சினிமா, டிவி, வீடியோ தொழிலில் இருக்கும் பெண்கள் சேர்ந்து வைத்த சங்கங்கள் எப்படி வளர்ந்தன என்று சொல்லப்போகிறேன். நம்ம பக்கத்துக்கு ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

1973-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'விமன் இன் ஃபிலிம்' ஆரம்பமானது. முன்னால் நின்றவர் டிச்சி வில்கர்சன் காசல், 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' பத்திரிகையை நடத்தியவர். அப்புறம் 1977-ல் நியூயார்க், 1984-ல் டொரண்டோ, 1994-ல் நியூசிலாந்து. சினிமாவோடு டெலிவிஷனும் சேர்ந்துகொண்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு தலைமை அலுவலகம் ஊர் ஊராகப் போய்க் கிளை திறக்கவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்களே ஆரம்பித்தார்கள். பிறகுதான் ஒன்றோடு ஒன்று கைகோத்தார்கள். நியூயார்க் சங்கம் 1995-ல் நவீனக் கலை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, பெண்கள் எடுத்த பழைய படங்களின் பிரதிகளைக் காப்பாற்ற ஒரு நிதியே தொடங்கியது. இதைப் படித்தபோது நம்ம டி.பி. ராஜலட்சுமிதான் நினைவுக்கு வந்தார். 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கியவர். அந்தப் படத்தை இன்றைக்குப் பார்க்க வழியில்லை. அப்போது இப்படி ஒரு நிதி இங்கே இருந்திருக்கக் கூடாதா?

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். மும்பையில் சினிமா மேக்கப் கலைஞர்கள் சங்கத்தில் பெண்ணுக்கு மேக்கப் கலைஞர் என்ற உறுப்பினர் அட்டை கிடையாது, தலை அலங்காரம் மட்டும்தான் செய்யலாம் என்று பல பத்தாண்டுகளாக நடைமுறை இருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இருக்கிற சங்கமே கதவைச் சாத்தினால் வேறு எங்கே போவது?

2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகையைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கேரளத்துப் பெண்கள் கூடி 'விமன் இன் சினிமா கலெக்டிவ்' அமைத்தார்கள். முதலமைச்சரைப் பார்த்து மனு கொடுத்தார்கள். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய ஹேமா கமிட்டி அமைந்தது. அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் போனது, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அத்தனை வருஷமும் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இடையில் 2022-ல், படப்பிடிப்புகளில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு கட்டாயம் என்று கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் வாங்கினார்கள். தனி ஆள் இவ்வளவு காலம் தாங்கியிருக்க முடியாது.

அதே 2017-ல் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்களும் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். நம்ம பி.ஆர். விஜயலட்சுமி 1985-லேயே 'சின்ன வீடு' படத்துக்குக் கேமரா பிடித்துவிட்டார். அதற்குப் பிறகும், "பெண் ஒளிப்பதிவாளரா? யாரும் இல்லையே" என்ற பேச்சு ஓயவில்லை. அந்தக் கூட்டமைப்புப் பெண்கள், யார் யார் இருக்கிறார்கள், என்னென்ன எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். இனிமேல் ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்? சங்கம் என்றதும் கட்டடமும் தலைவர் நாற்காலியும் நினைவுக்கு வருகிறது. எனக்கு இந்தப் பட்டியல்தான் பெரிது.

ஏனென்றால் அதே பேச்சை நான் மண்டபம் மண்டபமாகக் கேட்கிறேன். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் பெண்கள் பகுதியை எடுக்கப் பெண் கேமராக்காரரைத்தான் கேட்பார்கள். எனக்குத் தேதி இல்லை என்றால் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆளைக் கூப்பிடுகிறார்கள். குடியாத்தத்தில் நன்றாக எடுக்கிற ஒரு தங்கச்சி அன்றைக்கு வீட்டில் சும்மா இருந்திருப்பாள். அவளை எனக்குத் தெரியாது, என்னை அவளுக்குத் தெரியாது.

ரேட்டும் அப்படித்தான். அதே கேமரா, கேமரா ஆடாமல் பிடிக்கிற அதே ஜிம்பல், விடியற்காலை முகூர்த்தத்திலிருந்து ராத்திரி ரிசப்ஷன் வரை அதே நேரம். பக்கத்தில் டிராடிஷனல், அதாவது சடங்குகளை வரிசையாக, எடுத்த தம்பிக்கு என்னைவிடக் கூடுதல் பேட்டா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வேறு யூனிட் அக்கா ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது விவரம் சொன்னார். அடுத்த புக்கிங்கில் நேராகக் கேட்டேன், கொடுத்தார்கள். கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்போம்?

இன்னொரு முக்கியமான விஷயம், தயவுசெய்து இதைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். 2013-ல் வந்த சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை நடந்தால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். நம்ம கல்யாண யூனிட் நாலைந்து பேர்தான், அதனால் இது நமக்கென்றே இருக்கிற வழி. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித் தரலாம். பயந்துபோய் நிற்கிற பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் சீக்கிரம் ஓடிவிடும். கூடவே கலெக்டர் ஆபீஸ் வரை வர ஒரு அக்கா இருந்தால் நிலைமை வேறு.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ராத்திரி வேலை" என்று வீட்டில் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம்ம சி.எம்.சி. மருத்துவமனையில் தினமும் எத்தனை பெண்கள் நைட் டியூட்டி பார்க்கிறார்கள்! ராத்திரி வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. பத்திரமாக வீடு திரும்ப வண்டி வேண்டும், மண்டபத்தில் உடை மாற்ற ஓர் அறை வேண்டும். அதைக் கூட்டாகக் கேட்போம்.

இதோ, இந்த நோட்டைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். பெயர், ஊர், என்ன கேமரா, கேண்டிடா (போஸ் இல்லாமல் இயல்பாக எடுப்பது) டிராடிஷனலா, எடிட்டிங் தெரியுமா, ராத்திரி தங்க முடியுமா, காலித் தேதிகள். இவ்வளவுதான் பத்திகள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டப் பெண்களும் வாருங்கள். டிரோன் ஓட்டுகிறவர்கள், ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், கேபிள் டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள், மணப்பெண் மேக்கப் போடுகிறவர்கள், எல்லோரும்தான். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டைப் பூங்காவில் உட்காரலாம். சந்தா எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஆவணி, ஐப்பசி, கார்த்திகையில் உங்களுக்கு எந்தத் தேதி புக் ஆகியிருக்கிறது, எது காலி என்று மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.