முடக்கொத்தானும் எங்கள் வேலியும்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கிராம அலுவலர் அவர்களே, நோயாளர்களைக் காக்கவைத்துவிட்டு வந்திருக்கும் சித்த வைத்தியர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிய தம்பிமாரே, சனசமூக நிலையத்து உறவுகளே, வணக்கம். யாரையும் தவறவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடக்கொத்தான் கொடி பற்றி மூன்று விடயம் சொல்ல வந்தேன்: பெயர், மருந்து, சமையல். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். எங்கள் வாயில் முடக்கொத்தான். காற்றடைத்த அதன் காயை நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைக்காதவர் இங்கே யார்? உள்ளே மூன்று கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஓர் இதயம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பதிந்த கார்டியோஸ்பெர்மம் என்ற பெயருக்கும் இதயவிதை என்றுதான் பொருள்.

மருந்து வாதத்துக்கு, மூட்டு நோவுக்கு. மிச்சத்தை வைத்தியர் ஐயா சொன்னால்தான் அழகு. நான் மாமாவின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு முழங்கால் பிடிப்பு. அம்மம்மா வேலியில் ஒரு பிடி ஆய்ந்து, மிளகு, சீரகம், உள்ளி தட்டிப்போட்டு ரசம் வைத்தா. மாமாவுக்கு ருசி பிடித்துவிட்டது. "காணும் தம்பி, வயிற்றை இளக்கும்" என்று அம்மம்மா சொல்லச் சொல்ல நாலு பேணி குடித்தார். அன்றிரவு லாம்பைத் தூக்கிக்கொண்டு பனங்கூடலுக்கு எத்தனை ஓட்டம்! விடிய அம்மம்மா கேட்டா, "இந்த ஓட்டம் ஓடினவனுக்கு முழங்காலில் என்ன பிடிப்பு?" வேலிக்கு ஓணான் சாட்சி, மாமாவுக்கு நான் சாட்சி.

சரி, அந்தக் கொடி இப்போது எங்கே? வேலிக்கு ஊன்றித் துளிர்க்கவிட்ட கிளுவைத் தடியில், கதியாலில், படர்ந்தது. கதியாலைப் பிடுங்கி மதில் கட்டிவிட்டோம். பற்றுக்கம்பியால் சுற்றிப் பிடித்து ஏறுகிற கொடி, பூசிய சீமெந்தில் எதைப் பிடிக்கும்? தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்கிற குழையும் அந்த வேலியில்தானே வெட்டினோம்? என் வீட்டிலும் ஒரு பக்கம் மதில்தான். மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பினான், நானும் தலையாட்டினேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். என் மதிலில் ஏறி நிற்க ஓணானே வருவதில்லை.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். சமையல் இன்னொரு நாளைக்கு. வாசலில் கிளுவைக் கதியால் கட்டி வைத்திருக்கிறேன், மாரியோடு ஊன்றினால் பிடிக்கும். ஆளுக்கு நாலு எடுங்கள். முடக்கொத்தான் விதை தலைவரின் மேசையில், அந்தப் பழைய பால்மா பேணிக்குள் இருக்கிறது.