முதல் வருடம் உங்கள் பக்கத்தில் யார் நிற்பார்?

நேயர்களுக்கு வணக்கம். செவிலியர் படிப்போ, ஆய்வகப் படிப்போ, பார்மசியோ, பிசியோதெரபியோ முடித்துவிட்டு முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

பல வருடம் வார்டில் வேலை பார்த்து, அப்புறம் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்கு வந்தவள் நான். என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "மேடம், பேர்பெற்ற ஒரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, இல்லை ஒரு வட்டாரம் முழுக்க ஏழெட்டு ஆஸ்பத்திரிகளை நடத்துகிற நிர்வாகத்தில் சேரலாமா?" முதல் வேலை என்றால், வட்டார நிர்வாகத்தில் சேருங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இந்த மாதிரி நிர்வாகத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இதய சிகிச்சை, புற்றுநோய், பெரிய ஐ.சி.யூ. எல்லாம் அங்கே இருக்கும். சுற்றிலும் ஐம்பது, நூறு படுக்கைகளோடு சிறிய ஆஸ்பத்திரிகள். அதற்கும் வெளியே ஓ.பி. மட்டும் பார்க்கிற கிளினிக்குகள், டயாலிசிஸ் மையங்கள், வீட்டுக்கே போய்க் கவனிக்கிற குழுக்கள். நோயாளி இந்த வளையத்துக்குள் இடம் மாறிக்கொண்டே இருப்பார். வேலை பார்ப்பவரும் மாறலாம். பிரசவ வார்டில் சேர்ந்தவருக்கு டயாலிசிஸ் பிடித்துப்போனால் வேலையை விட வேண்டியதில்லை, உள்ளேயே இடமாற்றம் கேட்டால் போதும். சீனியாரிட்டி அப்படியே இருக்கும். தனி ஆஸ்பத்திரியில் இருப்பவர் இதற்காக ராஜினாமா எழுத வேண்டியிருக்கும்.

ஆனால் நான் இதைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் அந்தச் சிறிய ஆஸ்பத்திரிகள்தான். புதியவர்கள் அங்கே போஸ்டிங் விழுந்தால் முகம் வாடிப்போகிறார்கள். பெரிய இடத்தில் போட்டால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று நினைக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் இதய வார்டில் வருபவர்கள் எல்லாருமே இதய நோயாளிகள். நோய் என்னவென்று யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்து அனுப்பியிருப்பார்கள். சிறிய ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒரு டூட்டி டாக்டர், இரண்டு மூன்று நர்ஸ்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, விஷக்கடி, பிரசவ வலி எல்லாம் ஒரே கதவு வழியாகத்தான் வரும். இவரை இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்ய வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு ராத்திரியும் எழும். அதற்குப் பதில் சொல்லிப் பழகியவர் பிறகு எங்கே போனாலும் தடுமாற மாட்டார்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ராத்திரி இரண்டு மணி. நிமோனியாவுக்காக முந்தின நாள் சேர்ந்த அறுபது வயது அம்மா ஒருவர். டூட்டி நர்ஸ் டாக்டரை போனில் கூப்பிடுகிறார். "டாக்டர், மூன்றாம் படுக்கை அம்மாவுக்கு மூச்சு அதிகமாகிவிட்டது. நேற்று அட்மிட் ஆனவர், சர்க்கரை நோய் உண்டு, ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கிறது. சாயங்காலம் நிமிடத்துக்கு 20 இருந்த மூச்சு இப்போது 28. ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90 சதவீதம்தான். கேட்டதற்குக் குழப்பமாகப் பதில் சொல்கிறார். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும், ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்."

இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் கணித்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். இந்த வரிசையில் பேசுவதற்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்த முறை. கைசர் பெர்மனென்டே என்கிற மருத்துவமனைக் குழுமம் கையில் எடுத்த பிறகு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. இதில் புதியவர்கள் விழுங்கிவிடுவது கடைசிப் பகுதியைத்தான். "டாக்டர், அந்த அம்மாவுக்கு ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் வர வேண்டும் என்று சொல்ல வாய் வராது. அந்த வார்த்தை வாயில் வரவைப்பதுதான் என் பயிற்சியில் பாதி.

அந்த 28 என்ற எண்ணையும் கவனியுங்கள். மானிட்டர் காட்டுவதை அப்படியே எழுதினால் போதாது. நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டும். வார்டில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் கணக்கு இதுதான். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லா நோயாளிக்கும் 18, 20 என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு, நாடித்துடிப்பு போன்ற ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து விலக விலக மதிப்பெண் கூடும். மூச்சு 25-ஐத் தொட்டாலே மூன்று மதிப்பெண். மொத்தம் ஏழு வந்துவிட்டால் அவசர கவனிப்பு. உடம்பு கெட்டுப்போவதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் மூச்சும் ஒன்று. இதை நிஜமாக எண்ணி எழுதுகிற ஒரு பெண்ணையோ பையனையோ பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, இதையெல்லாம் யார் கற்றுக்கொடுப்பது? அதுதான் என் நிபந்தனை. முதல் வருடம் உங்கள் பக்கத்தில் நிற்க ஒரு சீனியரை நிர்வாகம் பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும். 1984-ல் பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர், ஒரு செவிலியர் புதியவராகத் தொடங்கி நிபுணராக ஆவதற்குள் ஐந்து படிகளைக் கடக்கிறார் என்று எழுதினார். மூன்றாவது படியான திறமையானவர் என்ற நிலைக்கு வரவே, ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார். என் அனுபவமும் அதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி மாறுபவர் சம்பளத்தில் ஏறலாம், படியில் ஏறுவதில்லை.

அதனால் நேர்காணலில் சம்பளம் கேட்பதற்கு வெட்கப்படாத மாதிரி இதையும் கேளுங்கள். என்னோடு டூட்டி பார்க்கப்போகும் சீனியர் யார்? எத்தனை வாரம் அவரோடு இருப்பேன்? அந்த வாரங்களில் எனக்குத் தனியாக நோயாளிகளைக் கொடுப்பீர்களா? ஆள் குறைந்தால் வேறு வார்டுக்கு அனுப்புவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் வந்தால், சேர்ந்த இரண்டாம் வாரமே தெரியாத வார்டில் தனியாக நிற்பீர்கள். கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நைட் டூட்டி எப்படிச் சுற்றும் என்றும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியைப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது, 2019-ல் அதை மறுபடியும் உறுதிசெய்தது. நைட் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது. ஆனால் தொடர்ந்து எத்தனை நைட், நடுவில் எத்தனை நாள் ஓய்வு என்பதை முறையாக வைத்திருக்கிற நிர்வாகம் ஆட்களை மதிக்கிறது என்று அர்த்தம்.

செவிலியர் பற்றியே பேசிவிட்டேன். ஆனால் கருவிகளைக் கிருமி நீக்குகிற பிரிவு, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், மருத்துவ இயந்திரங்களைப் பராமரிக்கிற பயோமெடிக்கல் பிரிவு, நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போகிறவர்கள் என எல்லாருக்கும் இந்த வளையத்துக்குள் வழி இருக்கிறது. வார்டு உதவியாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். உலகத்தில் புதிய மருத்துவப் பணிகளே இப்படித்தான் பிறந்திருக்கின்றன. 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்த நான்கு பேரை வைத்து, டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கிற பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். அதே வருடம் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் மருத்துவரும் சேர்ந்து, செவிலியரே நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார்கள். இரண்டிலும், ஏற்கெனவே நோயாளியைத் தொட்டுப் பழகியவர்களுக்குத்தான் மேல்படிப்புக் கிடைத்தது.

அந்த மேல்படிப்புக்கு நிர்வாகமே பணம் கட்டுகிறது என்றால் நல்ல விஷயம்தான். ஆனால் பின்னால் ஒரு பாண்டு இருக்கும், அதாவது இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம். எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், வேலை பார்த்த வருடங்களுக்கு ஏற்ப அந்தத் தொகை குறையுமா, எந்த ஊரில் போடுவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுங்கள், பார்த்து முடித்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.