மின்சாரம் போனாலும் மறக்காத பொருள்

நேயர்களுக்கு வணக்கம். 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த நாள். முந்தின ராத்திரி திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது, வினாத்தாளும் போனது. சேமிக்காமல் விட்டது என் தப்புதான். ஆனாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏன் இத்தனை மறதி?

அதன் தற்காலிக நினைவகம் ஓட்டைக் குடங்களின் வரிசை. ஒவ்வொரு அறையிலும் உள்ள துளி மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், திரும்ப நிரப்பியாக வேண்டும். நாம் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்த வேலை நிற்காது. நெய்வேலியில் நிலக்கரி எரிவதில் ஒரு பங்கு, மறக்காமல் இருப்பதற்கே செலவாகிறது!

கசியாத பொருள் உண்டா? உண்டு. ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்பார்கள். ஃபெர்ரோ என்றால் இரும்பு. ஆனால் இதில் இரும்பு இருக்க வேண்டியதில்லை, காந்தத்தைப் போல நடந்துகொள்வதால் வந்த பெயர். 1920-இல் அமெரிக்காவில் ஜோசஃப் வாலசெக் இந்தக் குணத்தை முதலில் கண்டது ரோஷெல் உப்பில். பிரான்ஸின் லா ரோஷெல் ஊர்ப் பெயர் அது, புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நம் புளிக்குப் புளிப்பு தரும் டார்டாரிக் அமிலத்தின் உப்புதான். உள்ளே அணுக்கள் நிற்க இரண்டு இடம். மின்னழுத்தம் ஒரு தட்டுத் தட்டினால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகரும். மின்சாரத்தை எடுத்தாலும் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் நின்றால் ஒன்று, மறுபக்கம் நின்றால் பூஜ்யம், கம்ப்யூட்டரின் நினைவுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அப்புறம் ஏன் நம் போனில் இது பரவவில்லை? ரோஷெல் உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். கேஸ் லைட்டரில் 'டிக்'கென்று பொறி தட்டும் பீங்கானும் இதே இனம்தான், ஆனால் அதில் ஈயம் உண்டு. சிப் செய்யும் சிலிக்கானோடு அது ஒத்துப்போவதும் கஷ்டம், மெல்லியதாக்கினால் குணமும் குன்றும்.

தானே வந்த அதே 2011-இல்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் ஆக்சைடில் கொஞ்சம் சிலிக்கான் கலந்து, சுமார் 10 நானோமீட்டர் படலமாக்கினால் அதற்கும் இந்தக் குணம் வருகிறதாம். சிப் தொழிற்சாலைகள் 2007 முதலே கையாளும் சரக்கு அது! வீட்டுக் கொல்லையிலேயே மூலிகை இருந்த மாதிரி.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினால் படலம் களைத்துப்போகிறது. ஆக்சிஜன் அணுக்கள் விட்டுப்போன காலியிடங்கள் அதற்கு ஒரு காரணம். ஆய்வுக்கூடங்களில் இப்போது மல்லுக்கட்டு அந்தக் காலியிடங்களோடுதான்.