முன்னால் நடப்பவரும் கடைசியில் வருபவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் இருந்து வடக்கே போனால் மலை, தெற்கே போனால் கடல். எந்தப் பக்கம் போனாலும் அரை மணி, முக்கால் மணி நேரம் போதும். நடுவே குளமும் ஏலா என்கிற வயல்வெளியுமாகக் கிடக்கிறது நம் குமரி மாவட்டம். பரப்பு 1,700 சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. அதற்குள் யானை நடமாடும் காடு இருக்கிறது, பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் மணற்கரை இருக்கிறது, இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஆனாலும் இங்கேயே பிறந்து வளர்ந்து, மருந்துவாழ்மலையை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர்கள் நம்மிடையே நிறைய பேர். அப்படிப்பட்டவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற சிலர் ஊர்தோறும் இருக்கிறார்கள். இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒருவர் பள்ளிக்கூட டீச்சர், இன்னொருவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மற்றொருவர் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வருகிற தொழிலாளி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு குளத்தங்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ போவார்கள். சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் சொந்தக் காசுதான். இவர்களைப் பொழுதுபோக்குக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. ஒரு குளத்தைச் சுற்றி இரண்டு தடவை சந்தோஷமாக நடந்தவர், மூன்றாவது தடவை அதில் குப்பை கொட்டுவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கேட்பார். அந்தச் சந்தோஷத்தை ஏற்படுத்தித் தருகிறவர்தான் அந்தக் குளத்துக்குக் காவல்காரர்களையும் உண்டாக்குகிறார்.

தேரூர்க் குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971-ல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி உலகின் முக்கியமான நீர்நிலைகளைச் சேர்க்கும் பட்டியல் அது. நம்முடையது சுமார் 94 ஹெக்டேர். பெருமையான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் நம் குளங்கள் பறவைகளுக்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற இரண்டு போக நெல்லுக்கும் தண்ணீர் கொடுப்பவை அவை. தாமரை பறித்து தோவாளைச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் குத்தகை எடுத்தவர்களும் உண்டு, பறவை வந்து மீனைத் தின்றுவிடுகிறதே என்பது அவர்களுடைய கவலை. குளிக்கவும் துவைக்கவும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரைக்கூடத் தெரியாமல், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கரையில் ஏறி நிற்பவருக்கு அந்தக் குளம் பாதிதான் தெரியும்.

எங்கள் குழுவில் தேரூர் நடையை நடத்துபவர் ஒரு டீச்சர். நடைக்கு முந்தின நாள் சாயங்காலமே அவர் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுவார். கரை எங்கே வழுக்குகிறது, முள் எங்கே சாய்ந்து கிடக்கிறது, வண்டிகளை எங்கே நிறுத்தினால் வயலுக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது என்று பார்த்து வைப்பார். அப்புறம் குளத்தில் வேலை செய்கிறவர்களிடம் பேசுவார். ஓர் ஆடி மாதத்தில் தாமரை பறிக்கிற ஒரு பெரியவர் அவரைக் கூப்பிட்டு, "அந்தக் கரைக்குப் பிள்ளைகள கொண்டு போவாண்டாம் டீச்சர், கோழி குஞ்சு விரிச்சிருக்கு" என்றார். மறுநாள் நாங்கள் எதிர்க்கரையோடு நின்றுகொண்டோம். எந்தப் பலகையும் எந்தச் சட்டமும் அன்று எங்களைத் தடுக்கவில்லை. டீச்சருக்கும் அந்தப் பெரியவருக்கும் இருந்த பழக்கம்தான் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றியது.

எதிர்க்கரையில் நின்றதால் நஷ்டமும் இல்லை. நீளவால் இலைக்கோழி ஒன்று தாமரை இலைமேல் நடந்து போனதைச் சாவகாசமாகப் பார்த்தோம். அதன் விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம். எடை அத்தனை விரலுக்கும் பரவிவிடுவதால் இலை கொஞ்சம் அமிழும், விளிம்பில் தண்ணீர் ஏறும், பறவை அடுத்த இலைக்குப் போனதும் மறுபடி மேலே வந்துவிடும். இந்த இனத்தில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண் பறவையின் வேலை. டீச்சர் இதைச் சொன்னதும் கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் வீட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்! அன்று இருந்த பைனாகுலர் இரண்டே இரண்டு. டீச்சர் முதலில் கொடுத்தது, எல்லாருக்கும் பின்னால் பேசாமல் நின்றுகொண்டிருந்த ஒரு பையனுக்கு. அவன் இப்போது எங்களோடு ஒவ்வொரு தை மாதமும் பறவை எண்ண வருகிறான்.

எண்ணுவது என்றால் ஏதோ விஞ்ஞானிகள் வேலை என்று தயங்க வேண்டாம். 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டவற்றை இனம்வாரியாக எழுதினால் போதும். கூட்டமாகப் பறக்கிற மீசை ஆலாக்களை எப்படி எண்ணுவது? முதலில் பத்தை எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாலைந்து தடவை செய்தால் கண் பழகிவிடும். மணக்குடிக் காயல், புத்தளம், சாமிதோப்பு உப்பளங்கள் என்று ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதத்தில் எண்ணி வைத்தால்தான் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியும். ஒரு வருஷம் எண்ணிவிட்டு மறு வருஷம் விட்டுவிட்டால் அந்த ஒரு வருஷக் கணக்கால் பெரிய பலன் இல்லை. அதனால்தான் ஒருங்கிணைக்கிற ஆள் விடாப்பிடியாக இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, மலைக்கு வருவோம். மருந்துவாழ்மலை சுமார் 1,800 அடி. மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி முடிகிற இடம். உச்சியில் நின்றால் தென்னந்தோப்பும் உப்பளமும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும். பாதி வழி படி, அதற்கு மேல் பாறை. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், அதனால் விடியும்போதே ஏறத் தொடங்கிவிட வேண்டும். இந்த மாதிரி நடையில் முன்னால் போகிறவரைத்தான் எல்லாரும் தலைவர் என்று நினைப்பார்கள். அனுபவப்பட்டவர்களைக் கேட்டால் கடைசியில் வருகிறவரைக் காட்டுவார்கள். மூச்சு வாங்குகிற அக்காவோடு நின்று, "நமக்கு அவசரம் ஒண்ணும் இல்ல அக்கா, இருந்துட்டுப் போலாம்" என்று சொல்கிறவர் அவர்தான். அவரைத் தாண்டி ஒருவரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவர் நின்று தலை எண்ணுவார், கடைசி ஆள் வந்து சேர்ந்து கை காட்டினால்தான் மறுபடி நகர்வார். யாருக்கு இளைப்பு, யாருக்குச் சர்க்கரை, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்பதெல்லாம் அடிவாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. கூச்சத்தில் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வார்கள்.

குப்பை பொறுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. சாக்கை ஏறும்போது கொடுக்கக் கூடாது. சுமையோடு பாறை ஏறினால் கை இரண்டும் மாட்டிக்கொள்ளும். உச்சியை முதலில் எல்லாரும் ஆசைதீரப் பார்க்கட்டும். இறங்கும்போது சாக்கைப் பிரித்தால் ஆளாளுக்கு வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் அதற்குள் அந்த மலை அவர்களுக்குப் பிடித்துப்போயிருக்கும். உடைந்த கண்ணாடிக்குத் தனிச் சாக்கு, கையுறை போட்ட பெரியவர்கள் மட்டும் தொட வேண்டும். சாமி கும்பிட ஏறுகிறவர்களிடம் ஒருபோதும் சண்டைக்குப் போகக் கூடாது. அவர்களும் இந்த மலையைக் கும்பிடத்தான் வருகிறார்கள். கையில் சாக்கைப் பார்த்ததும் தாங்களாகவே பாட்டிலைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

தலைவருக்கு மிகவும் கஷ்டமான வேலை எது என்றால், திரும்பிவிடலாம் என்று சொல்வதுதான். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். காட்டாற்றில் தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் யோசிக்கவே கூடாது, ஆற்றை விட்டுக் கரையேறிவிட வேண்டும். ஒரு தடவை வேனுக்குப் பணம் கொடுத்து, சாப்பாடு கட்டிக்கொண்டு எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் அண்ணன் ஒருவர் வேண்டாம் என்றார். ஓர் இளைஞன், "இங்க வெயில்தானே அண்ணே அடிக்குது?" என்று கேட்டான். "மேல இருட்டிக்கிட்டு நிக்குது பாரு மக்கா. ஆறு எங்கயும் போவாது, இன்னொரு நாள் வருவோம்" என்றார் அவர். சாப்பாட்டை ரோட்டோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். பலருக்கு வருத்தம்தான். அப்படி ஒரு வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் மனம் இல்லாதவர் கையில் குழந்தைகளை ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதன் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024-ல் வனத்துறையே மாநிலம் முழுவதும் 40 பாதைகளை அறிவித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாவட்டக் காடுகளில் பெரும்பகுதி 2008-ல் வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் "நமக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணு இருக்கு" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். எவ்வளவு பெரிய இயற்கை ஆர்வலராக அவர் இருந்தாலும் சரி.

கடற்கரையைப் பற்றி இரண்டே வார்த்தை. தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும் காலம். வனத்துறையோடு சேர்ந்து ராத்திரி நடக்கிறவர்களுக்கு விதி எளிது: வெள்ளை விளக்கு அடிக்காதே, ஆமையின் முன்னால் போய் நிற்காதே, முட்டையைத் தொடாதே. இந்த வேலையில் கடலோர ஊர் மீனவர்களை மிஞ்ச ஆள் இல்லை. மணலில் கிடக்கிற தடத்தைப் பார்த்தே ஆமை முட்டையிட்டதா, சும்மா ஏறித் திரும்பியதா என்று சொல்லிவிடுவார்கள்.

வெளியே தெரியாத இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நடை இனிமையாக இருக்க வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்து யாரோ கணக்கு எழுத வேண்டும். ஓர் அமைப்பைச் சங்கமாகப் பதிவு செய்ய, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. வினையே அங்கேதான். "நீங்களே இருங்க சார், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி ஒரே மனிதரைப் பல வருஷம் செயலாளராக வைத்துவிடுவோம். அவர் வீட்டு அலமாரியில் ரசீதுப் புத்தகம், அவர் போனில் எல்லாருடைய நம்பர், வனத்துறை அலுவலகத்தில் அவர் முகம் மட்டும்தான் தெரியும். ஒரு நாள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும், அல்லது மகன் வேலை பார்க்கிற ஊருக்குக் குடிபோவார். அன்றோடு சங்கம் படுத்துவிடும். இப்படி நின்றுபோன நல்ல அமைப்புகள் எத்தனையோ. மனது வலிக்கும்.

ஆகவே ஒரு நடையை நடத்துகிறவர் அந்த நடையிலேயே அடுத்தவரைப் பழக்க வேண்டும். முதல் மாதம் கடைசி ஆளாக வரச் சொல்லலாம். இரண்டாம் மாதம் முந்தின நாள் பார்வையிடப் போகும்போது கூட்டிப் போகலாம். மூன்றாம் மாதம் அவரையே பேசவிட்டு நாம் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர் பறவையின் பேரைத் தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் திருத்தக் கூடாது, டீக்கடையில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். பெண்கள் நடத்துகிற நடைக்குப் பெண்கள் அதிகம் வருகிறார்கள், பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எனவே நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு இடம் வேண்டும், டீ ஊற்றிக் கொடுக்கிற பொறுப்பு மட்டும் போதாது.

கேட்டுக்கொண்டிருக்கிற நேயர்களில் மலை ஏற முடியாதவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கும் வேலை இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவர், முதலுதவி கற்றவர், வேன் வைத்திருப்பவர், பழைய குளங்களின் மடையும் மறுகாலும் எங்கே இருந்தன என்று நினைவில் வைத்திருக்கிற தாத்தா பாட்டிகள், எல்லாரும் தேவை. உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு இருந்தால் அடுத்த பொதுக்குழுவுக்குப் போய் உட்காருங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.