முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பணியிட மன அழுத்தத்தைக் குறைப்பது தனிமனிதப் பயிற்சியா, நிர்வாக மாற்றமா? நிர்வாக மாற்றமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: “கடையில் நாற்காலி போட்டால் விற்பனைப் பெண்கள் தூங்கிவிடுவார்கள். தியானம் சொல்லிக் கொடுங்கள், மனசு தானாக அடங்கும்.” நீங்களும் கை தட்டினீர்கள். சரி, என் அத்தை கதையையும் கேளுங்கள்.

அத்தை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் இருந்தார். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நின்றபடிதான் வேலை. கூட்டமே இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் வந்துவிடுவார். அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். கையிலிருக்கும் புடவையை நழுவ விடுவார். ஐயோ, விழுந்துவிட்டதே என்று குனிவார். குனிந்தவர் கவுண்டருக்குப் பின்னால் குத்தவைத்து, மெதுவாக, மடிப்பு மடிப்பாக அதை மடிப்பார். ஒரு முழுப் புடவைக்கு அரை நிமிட ஓய்வு! பக்கத்துப் பெண் பார்த்தாள். அவள் கையிலிருந்தும் ஒன்று விழுந்தது. அப்புறம் மூன்றாவது ஆள். தீபாவளி நெருக்கத்தில் அந்தத் தளம் முழுக்கப் புடவை விழுகிறது! சூப்பர்வைசர் கேட்டாராம்: “என்னம்மா, இன்னிக்கு எல்லார் கையிலயும் எண்ணெயா?”

நண்பரே, இவர்களுக்கா தியானம்? தியானம் செய்யவும் முதலில் உட்கார வேண்டுமே!

கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2018இல் கேரளம், கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021இல் நம் சட்டமன்றமும் அப்படியொரு திருத்தத்தை நிறைவேற்றியது. எந்த மூச்சுப் பயிற்சி வகுப்பிலிருந்தும் அந்த நாற்காலி வரவில்லை.

அது வந்தபோது அத்தை முட்டி தேய்ந்து வேலையை விட்டிருந்தார். வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு சொல்வார்: “நின்னதுகூட வலிக்கலப்பா. ஒரு தடவை உட்கார்ந்துட்டேன்னு எல்லார் முன்னாடியும் திட்டினாங்களே, அதுதான் இன்னும் வலிக்குது.”

என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவரையும் கூட்டிப் போனோம். ஸ்டூலில் இருந்த சின்னப் பெண் எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். அத்தை அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “உட்காரு கண்ணு. நானும் உட்கார்ந்துக்கறேன். பொறுமையா பார்க்கலாம்.”

அந்த ஸ்டூலின் பக்கம் தீர்ப்பு கேட்கிறேன், நடுவர் அவர்களே.