நல்ல கையும் மறந்த கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் திரைப்பட விமர்சகர் அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திருநெல்வேலியில் இயன்முறை மருத்துவம் செய்துவருகிறேன். எல்லோரும் பிசியோதெரபி என்று சொல்கிற வேலை அதுதான். பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துபோனவர்கள், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள், இவர்களோடுதான் என் பகல்பொழுது முழுவதும் கழிகிறது. ரோபோக்கள் வரும் அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது உடனே சரி என்றேன். பல ஆண்டுகளாக என் மனதில் கிடக்கும் ஒரு காட்சிதான் அதற்குக் காரணம்.

2008இல் வெளிவந்த 'வால்-ஈ' என்ற அனிமேஷன் படம். இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன். பூமி குப்பைமேடாகிவிட, மனிதர்கள் ஆக்ஸியம் என்ற பெரிய விண்கலத்தில் ஏறிப் போய் எழுநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே எல்லா வேலையையும் ரோபோக்களே செய்கின்றன. மனிதர்கள் மிதக்கும் நாற்காலிகளில் சாய்ந்தபடி, முகத்துக்கு நேரே ஒளிரும் திரையைப் பார்த்துக்கொண்டு, கோப்பையில் வரும் உணவை உறிஞ்சிக் குடிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நாற்காலியிலிருந்து தவறிக் கீழே விழுந்துவிடுகிறான். மல்லாந்து கிடக்கிறான். கையை ஊன்றி எழ வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அப்போது ஓர் இயந்திரம் வந்து மிகவும் பணிவாகச் சொல்கிறது: அசையாமல் இருங்கள், உதவி செய்ய ஒரு ரோபோ இப்போதே வந்துவிடும்.

திரையரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாசகத்தை நான் நோயாளிகளின் வீடுகளில் அன்றாடம் கேட்கிறேன். "நீங்கள் அசையாதீர்கள் அப்பா, நான் எடுத்துத் தருகிறேன்." மகள் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோகிறாள். மகன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறான். முழுக்க முழுக்க அன்பினால் செய்கிறார்கள். மூன்று மாதம் கழித்து நான் போய்ப் பார்க்கும்போது, தேறியிருக்க வேண்டிய அந்தக் கை மடியில் ஒரு பொருளைப்போலக் கிடக்கிறது.

எங்கள் துறையில் இதை விளக்க ஒரு கருத்து உண்டு. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை பலவீனமாகிறது, மற்றொரு கை நன்றாக இருக்கிறது. நல்ல கை எல்லா வேலையையும் எடுத்துக்கொள்கிறது. விரைவாக முடிகிறது, நோவும் இல்லை. பலவீனமான கையை மூளை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. பிறகு அந்தக் கையில் வலு திரும்பினாலும் அதைப் பயன்படுத்தத் தோன்றுவதில்லை. எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு சிகிச்சை வகுத்தார். நல்ல கைக்கு உறை மாட்டிவிட வேண்டும். நாளின் பெரும்பகுதி அது சும்மா இருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மறந்த கை வேலைக்கு வரும். கேட்கக் கொடுமையாகத் தோன்றும். தகுந்த நோயாளிக்குச் செய்தால் பலன் கிடைக்கிறது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரோபோ படங்களை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இந்தக் கதைகளில் ரோபோ மனிதகுலத்தின் நல்ல கை. அது எந்த வேலையை எடுத்துக்கொண்டது, அதனால் எந்தக் கை மறந்துபோனது என்றுதான் என் கண் தேடும்.

இயந்திரம் கலகம் செய்து மனிதனைக் கொல்லும் படங்கள்தான் அதிகம். நம் 'எந்திரன்' சிட்டியும் ஒரு கட்டத்தில் அப்படி ஆகிறான். அவற்றை விரும்பிப் பார்த்திருக்கிறேன். ஆனால் துப்பாக்கி பிடித்த ரோபோ எனக்குப் பயம் தருவதில்லை. அதை எதிர்க்க வேண்டும் என்று எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னதையெல்லாம் செய்கிற ரோபோவை யார் எதிர்ப்பார்கள்?

இந்தக் கவலை பழையது. ரோபோ என்ற சொல்லே அதோடு சேர்ந்துதான் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தில்தான் அது முதலில் வருகிறது. 1921இல் பிராக் நகரில் நாடகம் மேடையேறியது. சொல்லைத் தந்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவர்கள் கூலியின்றிச் செய்யக் கட்டாயப்பட்ட உழைப்பு. நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, அதேதான். இன்று வெட்டி வேலை என்றால் பயனற்ற வேலை என்று பொருள் மாறிவிட்டது. சொல்லின் முதுகில் அந்தப் பழைய வலி இன்னும் இருக்கிறது.

அந்த நாடகத்தில் ரோபோக்கள் எல்லா உழைப்பையும் ஏற்றுக்கொள்கின்றன. அதன் பிறகு மனிதர்களுக்குக் குழந்தைகள் பிறப்பது நின்றுபோகிறது. கலகம் அதற்கப்புறம்தான் வருகிறது. முடிவில் ரோபோக்கள் ஒரே ஒரு மனிதனை உயிரோடு விடுகின்றன. அவர் பெயர் அல்குவிஸ்ட், கட்டட வேலைகளுக்குப் பொறுப்பாளர். மனம் கலங்கும்போது சாரத்தில் ஏறித் தானே செங்கல் அடுக்குகிறவர். இவன் நம்மைப்போலக் கைகளால் வேலை செய்கிறவன் என்பதற்காகவே அவரை விட்டுவிடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இப்படி எழுதிவைத்திருக்கிறார் என்பதை அறிந்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது.

1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தை அடுத்துச் சொல்ல வேண்டும். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அந்தப் படத்தின் ஹால் 9000 என்ற கணினியைக் கொலைகாரன் என்றே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கொலைக்கு முன்பு அது செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். கலத்தை ஓட்டியது. சதுரங்கம் ஆடித் துணையிருந்தது. உறைதூக்கத்தில் கிடந்த மூன்று விஞ்ஞானிகளின் மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொண்டது. அதனால்தான் அந்த மூவரையும் கொல்ல அதற்கு எந்த ஆயுதமும் தேவைப்படவில்லை. பார்த்துக்கொள்வதை நிறுத்தியது, அவ்வளவுதான்.

வெளியே சென்ற விண்வெளி வீரர் போமனைக் கணினி உள்ளே விட மறுக்கிறது. தலைக்கவசத்தை உள்ளேயே மறந்து வைத்துவிட்டு வந்தவர் அவர். ஹாலின் பிடியில் இல்லாத ஒரே வழி, கையால் இயக்கும் அவசர வாயில். காற்றில்லாத வெளியில் கவசமின்றிப் பாய்ந்து, உள்ளே நுழைந்து, கதவை மூடுகிறார். அவரது கை மறக்காமல் இருந்ததால் பிழைத்தார்.

இது படத்தில் மட்டும் நடப்பதன்று. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததால் தானியங்கிக் கருவி தன் வேலையை விட்டு விலகியது. அவ்வளவு உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்டும் பழக்கம் விமானிகளுக்கு இல்லை. மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் உயர்த்தினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இந்த ஆபத்தை 1983லேயே எழுதியிருந்தார்: எளிய வேலைகளை எல்லாம் இயந்திரத்துக்குத் தந்துவிட்டு, மிகக் கடினமான தருணத்தை மட்டும் மனிதனுக்கு விட்டுவைக்கிறோம், அதற்குள் அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

மீண்டும் ஆக்ஸியத்துக்கு வருகிறேன். பருத்த உடலைக் கேலி செய்த படம் என்று 'வால்-ஈ' மீது சிலர் குறை சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எடையற்ற நிலையில் எலும்பு தேய்ந்துபோகும் என்று படத்திலேயே ஒரு பழைய பதிவு சொல்கிறது. எலும்புக்கூடு சிறுத்துக்கொண்டே போகும் வரைபடத்தையும் காட்டுகிறார்கள். உண்மையான விண்வெளி வீரர்களுக்கும் உடலைத் தாங்கும் எலும்புகளில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. பூமியிலும் கதை இதுதான். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்து செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சுவர். முன்னாள் கேப்டன்களின் படங்கள் அதில் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொரு படத்திலும் கேப்டனின் உடல் பெருத்துக்கொண்டே வரும். பின்னால் நிற்கும் ஆட்டோ என்ற தானியங்கிச் சுக்கான் ஒவ்வொரு படத்திலும் சற்று நெருங்கி வரும். எழுநூறு ஆண்டுக் கதையை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் ரோபோக்களே வேண்டாமா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. 2012இல் வந்த 'ரோபாட் அண்ட் ஃபிராங்க்' படம் என்னை அங்கே போகவிடவில்லை.

ஃபிராங்க் ஒரு காலத்தில் கைதேர்ந்த திருடன். இப்போது முதியவர், தனியாக இருக்கிறார், நினைவு தப்பத் தொடங்கியிருக்கிறது. மகன் ஒரு பராமரிப்பு ரோபோவைக் கொண்டுவந்து வீட்டில் விடுகிறான். அது சமைக்கும், வீட்டைத் துடைக்கும். கூடவே அவரைக் காலையில் எழுப்பும், நடக்க வைக்கும், தோட்டம் போடச் சொல்லும். நான் நோயாளிகளிடம் மல்லுக்கு நிற்கும் அத்தனை விஷயத்துக்கும் அது மல்லுக்கு நிற்கிறது. அவர் திருடத் திட்டம் போடும்போது அதற்கும் துணைபோகிறது, திட்டமிடும்போது அவர் மனம் விழித்துக்கொள்கிறது என்பதற்காக. தப்பான காரியம்தான். ஆனால் உதவி செய்வது என்றால் என்னவென்று அந்த ரோபோவுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபிராங்காக வந்த ஃபிராங்க் லாங்கெல்லாவின் நடையைக் கவனியுங்கள்: முதலில் தரையைத் தேய்க்கும் கால்கள், திட்டம் வந்ததும் தரையை விட்டு எழும்.

மலையாளத்தில் 2019இல் வந்த 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' இதன் பக்கத்து வீட்டுக் கதை. தமிழில் 2022இல் 'கூகுள் குட்டப்பா' என்று எடுத்தார்கள், அப்பாவாக கே.எஸ். ரவிக்குமார். மூலப்படத்தில் பையனூரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஒரு ரோபோவை அனுப்பி வைக்கிறான். முதலில் வெறுக்கிற அப்பா பிறகு அதைப் பிள்ளைபோலவே நடத்தத் தொடங்குகிறார். மகன் அமெரிக்காவிலும் மகள் வளைகுடாவிலும் இருக்க, வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் எத்தனையோ தெருக்கள் நம் பக்கத்தில் உண்டு. அந்த வாசல்களில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் இந்தப் படம் நினைவுக்கு வரும். அங்கே ஒரு ரோபோ வந்தால் நான் தடுக்க மாட்டேன். கீழே விழுந்தவர் விடியும்வரை தரையிலேயே கிடந்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.

மறுவாழ்வுச் சிகிச்சையிலும் இப்போது ரோபோக்கள் உண்டு. நடை பழக்கும் கருவிகள் முதலில் வந்தபோது, இயந்திரமே காலை முழுவதும் நகர்த்தியது. நோயாளியின் கால் சும்மா ஊஞ்சலாடியது. பிறகு வடிவமைப்பாளர்கள் மாற்றிக்கொண்டார்கள். நோயாளி எவ்வளவு முயல்கிறார் என்று கருவி பார்க்க வேண்டும், குறைகிற அளவை மட்டும் அது சேர்க்க வேண்டும். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய உடையணி ரோபோ, கால் அசைய வேண்டும் என்று மூளை அனுப்பும் மெல்லிய மின்குறிப்பைத் தோலிலிருந்து வாங்கிக்கொண்டு இயங்குகிறது. நோயாளி நினைத்தால்தான் அது நகரும். அந்தக் கருவியின் பெயரும் ஹால்தான்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். எங்களிடம் ஓர் அண்ணாச்சி வருகிறார். நாற்பது ஆண்டுகள் தையல் வேலை செய்தவர். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. இப்போது விரல்கள் அசைகின்றன, ஆனால் இடக்கைதான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வருகிறது. உறை மாட்டலாம் என்றால் இரண்டு வாரமாக மறுத்துவிட்டார். ஒருநாள் என் கைப்பேசியில் 'வால்-ஈ' படத்தின் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். கேப்டன் முதன்முறையாக நாற்காலியை விட்டு எழும் இடம். பின்னணியில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசை, '2001' படத்தில் ஒலிக்கும் அதே முழக்கம். கொழுத்த சிறு பாதங்கள் தரையைத் தொடுகின்றன. உடல் ஆடுகிறது. தள்ளாடி நடந்துபோய், தானியங்கிப் பொத்தானைத் தன் கையாலேயே மாற்றிப்போடுகிறார்.

அண்ணாச்சி பேசாமல் பார்த்தார். "இன்னொரு தடவை போடு தாயி" என்றார். போட்டேன். "அவன் ஏன் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை?" என்று கேட்டார். "பிடித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை அண்ணாச்சி" என்றேன்.

அன்றைக்கு உறையை மாட்டிக்கொண்டார். தன் சட்டையின் மேல் பொத்தானை வலக்கையால் போட முயன்றார். பதினோரு நிமிடம் ஆனது. அவருடைய மகள் எதிர் நாற்காலியில், இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வணக்கம்.